ஞாயிற்றுக்கிழமை கரி தொடாத ஜேபஸ் ஓல்ட்ராய்ட்

ஜேபஸ் ஓல்ட்ராய்டின் கல்லறையில் "சாந்தகுணமுள்ளவர்" என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள் நான். மருந்தைத் துப்புகிறவர்கள், கட்டைப் பிரித்துப் போடுகிறவர்கள், ஜன்னல் வழியாக இறங்கி வீட்டுக்கு ஓடியவர்கள் என்று எல்லாரையும் சமாளித்திருக்கிறேன். ஜேபஸோடு நிலவுக்குப் போய் வந்த அந்த ஒரு பயணம் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

யார்க்‌ஷயரில் ஒரு நெசவாலை ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆலை பாய்லருக்குக் கரி அள்ளிப் போடப் போனார். நல்ல பாய்லர்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கரியைத் தொட மாட்டார். அது ஆண்டவரின் ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை பாய்லரைக் கழுவச் சொன்ன முதலாளியிடம் முடியாது என்றார், வேலை போனது. அடுத்த ஆலையிலும் அதே கதை. மனைவி கெஸையா பாவம், எத்தனை முறைதான் வீடு மாற்றுவாள்? அவள் இறந்த பிறகு, நிலவுக்குப் போகும் 'லேடி ஹெஸ்டர்' என்ற நீராவிக் கப்பலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார்.

"வர்றேன் ஐயா. ஞாயித்துக்கிழமை மட்டும் கரி தொட மாட்டேன்."

"சரி சரி," என்றார் கேப்டன் டெலாஃபீல்ட். வேறு யாரும் வரத் தயாராக இல்லை. பாதிப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நான் போனது லெட்டிஸுக்காக. பன்னிரண்டு வயதுப் பெண், நெஞ்சு பலவீனம். மற்றப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பிய டாக்டர்கள், இவளுக்கு நிலவின் உலர்ந்த வெயில்தான் சரி என்றார்கள். சொன்ன டாக்டர்களில் ஒருவரும் கூட வரவில்லை. கப்பலில் நாங்கள் நால்வர்தான்.

வெயில் அவளுக்கு ஒத்துக்கொண்டது என்னவோ உண்மை. நிலவில் இறங்கியதும் கப்பலின் கண்ணாடி அறையில் படுக்கப் போட்டேன். இருமல் குறைந்தது, முட்டை தின்றாள். ஆனால் நிலவில் பொழுது சாய்ந்தால் இரண்டு வாரம் இருட்டு. அந்தக் குளிரில் பாய்லர் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும், அப்புறம் யாரும் வீடு திரும்ப முடியாது. அதனால் சனிக்கிழமை மதியம் கிளம்புவதாக ஏற்பாடு. ஜேபஸ் காலையிலேயே நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றித் தயாராக வைத்திருந்தார்.

அப்போது கேப்டன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொடியை நட்டு, பக்கத்தில் எங்களை நிற்க வைத்து, கேமராவின் மூடியைத் திறந்துவிட்டு ஓடி வந்து தானும் நின்றார். எல்லாரும் தலையில் கண்ணாடிக் குடுவை, உடம்பில் ரப்பர் சட்டை. அசையக் கூடாது. லெட்டிஸ் இருமினாள், படம் கலங்கியது.

"இன்னொரு தடவை," என்றார்.

மறுபடி இருமினாள். மறுபடி இன்னொரு தடவை. பிறகு கொடி சரிந்தது. பிறகு அவருடைய மீசை சரியாகத் தெரியவில்லையாம். ஏற்றிய நீராவியெல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே மதியம் போய் இரவும் வந்தது. இரவு மணி பன்னிரண்டு அடித்ததும் ஜேபஸ் கரி வாரியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார். நெருப்பு அணைந்தது.

ஞாயிறு காலையில் மலையின் நிழல் கப்பலுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. லெட்டிஸின் உதடு நீலமாக இருந்தது. கம்பளியைச் சுற்றிவிட்டு நான் பாய்லர் அறைக்கு இறங்கினேன். சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டு போட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஞானப்பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார் ஜேபஸ்.

"பொண்ணு வெறைச்சுப் போறா. எந்திரிச்சு நெருப்பு மூட்டுங்க."

"இன்னைக்கு ஞாயிறு, நர்ஸம்மா."

"ஞாயித்துக்கிழமை பிள்ளை பொறக்கலையா? பொறந்துச்சு, நான்தான் எடுத்தேன். ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கல."

"அது அவசியம். அது யார் கையிலயும் இல்ல. இது அப்படியா? நேத்தே போயிருக்கலாம். ஒருத்தர் மீசைக்காக நின்னோம். சோம்பேறித்தனத்துக்கு அவசியம்னு பேர் வச்சா, அப்புறம் எந்த ஞாயிறும் மிஞ்சாது."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் உடம்பைச் சூடாக்க முடியாது.

மேலே ஏறினேன். "நீங்க போய் அந்த மனுஷன்கிட்ட தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன் கேப்டனிடம்.

"பாய்லர்காரன்கிட்டயா? நான் உத்தரவு போடலாம், நர்ஸ். கெஞ்ச முடியாது."

"அப்ப நீங்களே கரி போடுங்க."

"நான் சுக்கானை விட்டு வர முடியாதே."

கப்பல் தரையில் நின்றுகொண்டிருந்தது. சுக்கானை விட முடியாதாம்.

இரண்டு பேரையும் வைத்து நேரத்தை வீணாக்க எனக்குப் பொறுமை இல்லை. லெட்டிஸைத் தூக்கிக்கொண்டு வந்து பாய்லர் ஓரமாகக் கரி மூட்டைமேல் படுக்க வைத்தேன். ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரி வாரியை எடுத்தேன். வார்டு அடுப்புகளைக் காலமெல்லாம் மூட்டியவள்தானே. ஆனால் பாய்லர் வேறு. அறையெல்லாம் புகை. முதலில் கரி அணைந்தது, பிறகு ஒருவழியாகப் பற்றியது. ஜேபஸ் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கரியைத் தாறுமாறாகப் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"வாயாலயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லிக் குடுத்தாலும் வேலைதான், நர்ஸம்மா."

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட்," என்றாள் லெட்டிஸ், பல் கிடுகிடுக்க, "நீங்க ரொம்ப மோசம்."

"தெரியும் பாப்பா."

மறுபடி கரி போடக் கதவைத் திறக்கப் போனேன். கையில் துணி சுற்ற மறந்துவிட்டேன். இரும்புப் பிடி உள்ளங்கையைப் பொசுக்கிவிட்டது. அலறவில்லை, ஆனால் கரி வாரி கீழே விழுந்தது. ஜேபஸ் திரும்பினார். என் கையைப் பிடித்து இன்னொரு வாளியில் இருந்த தண்ணீரில் அமுக்கினார். அதற்கு ஞாயிறு தடை இல்லையாம்.

"விடுங்க. நெருப்பு எறங்குது."

"மறுபடி அந்தக் கதவத் தொடப் போறீங்களா?"

"வேற யாரு இருக்கா?"

"இந்தக் கையோடயா?"

"இன்னொண்ணு பொட்டியில மடிச்சா வச்சிருக்கேன்? இதோடதான்."

என் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. பாட்டுப் புத்தகத்தை மூடி, கோட்டைக் கழற்றி மடித்து, அதன்மேல் வைத்தார்.

"இது கப்பலுக்காக இல்ல. அந்த மீசைக்காகவும் இல்ல. உங்க கைக்காக. மேல போய்ச் சொல்லிடுங்க."

"நெருப்பு போடுங்க முதல்ல. எதுக்காகன்னு அப்புறம் பேசலாம்."

போட்டார். என்ன வேகம். நான் போட்டு வைத்ததை எல்லாம் கிளறி, முனகிக்கொண்டே சீராக்கி, நீராவி ஏற்றினார். நிழல் கப்பலின் வால் பக்கத்தைத் தொட்டபோது எழும்பினோம். லெட்டிஸின் உதட்டில் நிறம் திரும்பியது, முகமெல்லாம் கரி. கையில் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டு நான் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். சீராக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை, கப்பல் பூமியை நோக்கித் தானாகவே மிதந்துகொண்டிருக்க, கறுப்புக் கோட்டு போட்ட ஜேபஸ் மறுபடி வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கேப்டன் சவரத்துக்கு வெந்நீர் கேட்டுத் தானே கீழே இறங்கி வந்தார்.

"நேத்து என் ஞாயிறு போச்சு ஐயா. இன்னைக்குத்தான் எனக்கு ஞாயிறு. அடுப்பு கெடையாது."

"நீங்களாவது சொல்லுங்க, நர்ஸ்."

"நான் எதுக்குச் சொல்றேன்? சனிக்கிழமையே கெளம்பியிருந்தா இந்நேரம் சவரம் முடிஞ்சிருக்கும்."

அன்று முழுக்கக் குளிர்ந்த இறைச்சியும் காய்ந்த ரொட்டியும்தான். தேநீர்கூட இல்லை. இடது கையால் லெட்டிஸுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தேன். ஜேபஸ் இரவு மணி பன்னிரண்டு அடிக்கும்வரை பாடினார். சுருதி என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். முடிந்தது என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விடும்போதெல்லாம், இருமலே இல்லாத குரலில் அந்தப் பெண் இன்னொரு பாட்டுக் கேட்டாள்.