கமாவுக்கு அப்புறம் இருந்த வலி

ஜனங்கள் வாயால் சொன்னதைக் கணக்காக்குவதுதான் என் பிழைப்பு. தர்மபுரியில் ஒரு சின்ன சர்வே ஆபீஸ். போர்வெல் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் யாருக்கு என்ன உபாதை என்று எழுதி வரும் பதில்களை, ‘ஆர்’ என்ற புள்ளிவிவர மொழியில் போட்டு அலசுகிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது உடம்பு மட்டும்தான்.

ஐந்து பாப்பாரப்பட்டி

முதல் வாரமே கம்ப்யூட்டர் பாப்பாரப்பட்டி என்ற பெயரில் ஐந்து ஊர்களைக் காட்டியது. எழுத்தில் ஒன்றுக்கு ஒற்று இல்லை, ஒன்றுக்குத் துணைக்கால் இல்லை, ஒன்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. ஊர் ஊராகப் போய் எழுதி வரும் செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான் எறங்குனது ஒரே பஸ் ஸ்டாப்புலதானுங்க சார்.”

முதல் துண்டு

ஒவ்வொரு பதிலையும் கமா இருக்கும் இடத்தில் வெட்டினால் ஒரு பட்டியல் கிடைக்கும். “பல்லில் கறை, முழங்கால் வலி, குனிய முடியவில்லை” என்பது மூன்று துண்டு. நான் அவசரத்தில் எல்லாப் பட்டியலிலும் முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டேன். எல்லாருமே பல்லைத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். புரோகிராம் ஒரு தப்பும் காட்டாமல் ஓடியது. நல்லம்பள்ளியில் நடக்கவிருந்த மருத்துவ முகாமுக்குப் பல் டாக்டர் மட்டும் போதும் என்று அறிக்கையும் போய்விட்டது.

மறுநாள் செல்வி அதைப் படித்தார். முகம் மாறியது.

“பாதிப் பேரு எந்திரிச்சு நடக்கவே செரமப்பட்டாங்க சார். உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் எல்லாரும் நல்லா நடக்கறாங்களா?”

காலிப் பட்டியல்

அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எல்லாத் துண்டுகளையும் எண்ணி அறிக்கையைத் திரும்ப அனுப்பி, எலும்பு டாக்டரும் வர ஏற்பாடான பிறகுதான் மூச்சு வந்தது. மனசு கேட்காமல் முகாமுக்கும் போனேன்.

ஆரோக்கியமேரி என்ற பெண் சுவரைப் பிடித்துக்கொண்டே மேசைவரை வந்தார். என் பட்டியலில் அவர் பெயரே இல்லை. லேப்டாப்பைத் திறந்து தேடினேன். செல்வி அவர் பெயரை எழுதித்தான் இருந்தார். பதில் மட்டும் காலி. பட்டியல்களை ஒன்றாகக் கொட்டும்போது காலியாக இருப்பவை பெயரோடு சேர்ந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். பேனா எடுத்து அவர் பெயரை எழுதி, டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். நடந்துகொண்டே அந்தப் பெண் கேட்டார்:

“எழுத வந்தப்ப எங்க வூட்ல மாமியா பக்கத்துலயே நின்னாங்க, நான் என்னத்தங்க சொல்றது? வாயத் தொறக்கலைன்னா பேரையே எடுத்துருவீங்களா?”

புரோகிராம் பிழை காட்டி நிற்கிற நாளில் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் ஓடி முடிகிற நாளில்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.