அம்மாவும் தோள்பட்டைக்காரரும்

மைக்ரோவேவ் ஓடினால் ரேடியோ இரையும். அமெரிக்காவில் டப்ளின் என்கிற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் சமையலறையை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது அந்த இரைச்சல்தான், அதற்குப் பின்னால் கடுகு வெடிக்கிற சத்தம், அதற்கும் பின்னால், "அட நிறுத்துங்க, நிறுத்துங்க, முக்கியமான இடத்துல போட்டுட்டீங்களே!" என்று அப்பாவை அதட்டும் அம்மாவின் குரல். அப்பா பாவம், ஆபீஸிலிருந்து மலையைத் தாண்டி ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து, ஒரு கிண்ணம் ரசத்தைச் சூடு பண்ணலாம் என்று பட்டனை அழுத்தியிருப்பார். ரேடியோவில் யாரோ ஒரு பேஸ்பால் ஆட்டக்காரருக்கு எத்தனை வருஷ கான்ட்ராக்ட் கொடுப்பது என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள். அது முடியும்வரை பொறுக்க மாட்டாமல் அவர் ஆறின ரசத்தையே குடித்துவிட்டு எழுந்து போவார்.

இதைக் கேட்டு அம்மாவை பேஸ்பால் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பார்த்தவள் இல்லை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால் முழிப்பாள். வசந்தத்தில் ஆட்டங்கள் தொடங்கியதும், "இனி ஒண்ணும் புரியாது, வெறும் கத்தல்" என்று ரேடியோவை அணைத்து வைப்பவள், இலையெல்லாம் உதிர்ந்து மைதானங்களைப் பூட்டிய பிறகுதான் மறுபடியும் போடுவாள். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது, பேச்சு மட்டும்தான். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் சொந்தமில்லாமல் "ஃப்ரீ ஏஜென்ட்" ஆகிவிட்டவர்களை யார் கூப்பிடப் போகிறார்கள், யார் யாரை விட்டுவிடப் போகிறார்கள், எந்த அணியில் நிர்வாகம் உருப்படியாக நடக்கிறது என்று பொழுது விடிந்து பொழுது போனால் அதே பேச்சு. இதில் பந்து எங்கே, மட்டை எங்கே? குடும்பம் நடத்துகிற விஷயம், அது அம்மாவுக்கு அத்துப்படி.

அந்த ரேடியோ எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. திருப்புகிற குமிழ் உடைந்திருந்ததால் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் வரும், அதில் நாள் முழுக்க விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அம்மா எம்.காம். படித்தவள், கோபிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவள். அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா அவளுடையது. அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் சமைக்கலாம், தூங்கலாம், காரில் பக்கத்து சீட்டில் உட்காரலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. பேச ஆளில்லாத அந்த வீட்டில் பகல் முழுதும் அவளோடு பேசியவர்கள் அந்த ஸ்டேஷன்காரர்கள்தான். அவளும் கரண்டியை ஆட்டி ஆட்டித் தமிழில் பதில் சொல்வாள்.

அவளுடைய தீர்ப்புகள் கறாரானவை. முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் என்று ஒருநாள் சொன்னார்கள். "கடைசி மூணு வருஷம் அவருக்கு யாரு கால் அமுக்கி விடறது?" என்றாள் அம்மா. டெக்சஸ் அணி ஒரே ஓர் ஆட்டக்காரருக்கு அள்ளிக்கொடுத்தபோது, அந்த மாநிலத்து ஆலன் ஊரிலிருந்து அப்பாவின் சிநேகிதர் போன் பண்ணிப் பெருமையடித்துக்கொண்டார். அம்மா போனைக் கையில் வாங்கி, "ஏனுங்க, அவரே பந்தைப் போட்டு அவரே அடிச்சு அவரே புடிச்சுக்குவாருங்களா?" என்று வெகு மரியாதையாகக் கேட்டாள். எங்கள் பக்கத்து அணி வசதி குறைந்தது, பெரிய ஆட்களை அதனால் பிடித்துவைக்க முடியாது. மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்களில் நல்லவர்களைத் தேடிப்பிடித்து அது சமாளித்ததில் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் ஏழாவது படித்த அந்தக் குளிர்காலத்தில், இரண்டாயிரம் முடிந்து அடுத்த வருஷம் பிறந்த சமயத்தில், எங்கள் வீட்டில் இரண்டு பேரைப் பற்றிய கவலை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று அம்மா. கிரீன் கார்டு கடைசிக் கட்டத்துக்கு வந்து அவளுக்கு ஒருவழியாக வொர்க் பர்மிட் கிடைத்திருந்தது, ஆனால் எங்கே அப்ளை பண்ணினாலும் பதில் இல்லை. இன்னொருவரை நாங்கள் நேரில் பார்த்ததே கிடையாது. அவர் பந்து வீசுகிறவர், தோளில் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தவர். அம்மா அவருக்கு வைத்த பெயர் தோள்பட்டைக்காரர். நட்சத்திரங்களெல்லாம் விலைபோன பின்னும் அவரை ஓர் அணியும் கூப்பிடவில்லை. ரேடியோவுக்கு போன் பண்ணுகிறவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள், "இவனுங்க வீட்டுச் சோத்தையா அவன் திங்கறான்?" என்று அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வரும். பிப்ரவரியில் பயிற்சி முகாம்கள் திறக்கும், அதற்கு முதல் நாள்கூட ஆள் எடுப்பதுண்டு என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, அவர் பேச்சு வந்தாலும் தன் வேலைப் பேச்சு வந்தாலும், "பிப்ரவரி வரைக்கும் பார்க்கலாம்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போனால், புளியோதரைக்கு நிற்கும் வரிசையில் ஆன்ட்டிகள் பிடித்துக்கொள்வார்கள். "இன்னும் வீட்லதான் இருக்கீங்களா? சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் ஜாயின் பண்ணுங்களேன், எல்லாரும் அதான் பண்றாங்க" என்பது அந்தக் காலத்தில் வேலையில்லாத மனைவிகளுக்கெல்லாம் கொடுக்கப்பட்ட மருந்து. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகும் அதே மருந்துதான். "எனக்குக் கணக்கு வருமுங்க, அதை எதுக்கு விடோணும்?" என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அதில்லைங்க, இவ்ளோ வருஷம் கேப் ஆயிடுச்சே, யாரு கூப்பிடுவாங்க?" என்றார் ஓர் ஆன்ட்டி. அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீடு வந்ததும் அம்மா நேராகப் போய் ரேடியோவைப் போட்டாள்.

அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, போன் ஒயர் சுவரிலிருந்து அடுப்புவரைக்கும் விறைப்பாக நீண்டிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்த அம்மா, பேசாதே என்று எனக்குக் கைகாட்டினாள். ரேடியோ மெல்ல முணுமுணுத்தது. என் அம்மா அந்த ஸ்டேஷனுக்கு போன் பண்ணிவிட்டாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தோள்பட்டைக்காரரை யாராவது ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று அவள் ஏற்கெனவே சொல்லி முடித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே, இரண்டு வருஷமாக அந்த மனிதர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டது ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், ஹீ வாஸ் அட் ஹோம்," என்றாள். "ஒன்லி அட் ஹோம். பட் ஹீ டிட் நாட் ஃபர்கெட், சார்."

அந்த ஆள் கொஞ்சம் தடுமாறி நன்றி சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார். அம்மா ரிசீவரை மாட்டிவிட்டு வந்தாள். குழம்பைப் பார்த்து, "உப்புப் போட்டனா இல்லையான்னே தெரியல கண்ணு" என்றாள். அவள் யாருக்காகப் பேசினாள் என்று பன்னிரண்டு வயதில் எனக்கே விளங்கிவிட்டது, எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் குழம்பில் உப்புப் பார்த்து "நோ சால்ட், மாம்" என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரியில் இருவரையும் கூப்பிட்டார்கள். தோள்பட்டைக்காரரை எங்கோ தூரத்து அணி ஒன்று கூப்பிட்டது: முகாமுக்கு வா, வீசிக் காட்டு, பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறோம், உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. அம்மாவைக் கூப்பிட்டது பக்கத்து ஊரில் குழாய்ச் சாமான் விற்கிற ஒரு கம்பெனி: கணக்குப் பிரிவில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போகிறாள், அவள் வரும்வரை இருந்தால் போதும். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "எம்.காம். படிச்சுட்டு டெம்ப் வேலைக்கா? நல்லதா வர்ற வரைக்கும் பொறுக்கலாமில்ல?" என்றார்.

"ஏனுங்க, முகாமுக்குக் கூப்பிடறாங்க. போய் வீசிக் காட்டறனே," என்றாள் அம்மா. "காலைல டிராப் மட்டும் பண்ணிடுங்க."

அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாலையில் மட்டும்தான் ரேடியோ ஓடியது. முகாம் முடிகிற நேரத்தில், மார்ச்சில் ஒரு மாலை, இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே ஒற்றை வரியாக அந்தச் செய்தியை வாசித்தார்கள். தோள்பட்டைக்காரரை அனுப்பிவிட்டார்கள். அம்மா ஆபீஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். பெற்றவள் அழுவதைப் பார்ப்பதுபோலக் கொடுமை வேறில்லை, பயந்துபோய், "மாம், யூ டோன்ட் ஈவன் நோ ஹிம்" என்றேன்.

"தெரியாமென்ன," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போவுது போ. கூப்பிட்டாங்கல்ல. கூப்பிடாமயே விட்டிருந்தா மனுசனுக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்றாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்துட்டா என்னையும்தான் அனுப்புவாங்க. அனுப்பட்டும். எனக்கு ஒண்ணும் மறக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அப்பா ஒரு கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி மைக்ரோவேவில் வைத்தார். ரேடியோ அணைந்திருந்ததால் இரைச்சல் எதுவும் வரவில்லை. சூடானதும் அவரும் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டாள், அம்மா அந்தக் கம்பெனியிலேயே தங்கி, கணக்குப் பிரிவையே நடத்தி ஓய்வும் பெற்றாள். தோள்பட்டைக்காரர் பிறகு என்ன ஆனார் என்று நாங்கள் கேள்விப்படவேயில்லை. ரேடியோ வீடு மாறியபோது தொலைந்தது. எங்கள் பக்கத்து அணி ஊரைவிட்டே போய்விட்டது, அதைப் பற்றி அம்மா பேசுவதில்லை, சண்டை போட்டுக்கொண்டு போன சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதுபோல. அந்த ஸ்டேஷன் வந்த பழைய ஏ.எம். அலைவரிசையே இப்போது என் மின்சாரக் காரின் ரேடியோவில் கிடையாது.

நான் இப்போது டெக்சஸில், அதே ஆலனில் இருக்கிறேன். மகன் பிறந்ததும் வேலையை விட்டவள், அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தேடிக்கொண்டிருக்கிறேன், இலையுதிர்காலம் முழுக்கத் தேடியாகிவிட்டது. தினமும் சாயங்காலம் அம்மா போன் பண்ணுவாள். நேற்றும் பண்ணினாள், அந்தப் பக்கம் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

"எவனாச்சும் கூப்பிட்டானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கேப் ஆயிடுச்சும்மா, யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு தோணுது," என்றேன்.

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் பிப்ரவரியே வரலையே கண்ணு," என்றாள்.