எருமைநாக்கு மீனும் என் கல்யாணப் பேச்சும்

யுத்தத்துக்கு முந்தி மதுரை மார்க்கெட்டில் கடல் மீன் விற்றவன் நான். கண்மாய் மீன் தின்கிற ஊரில் அது என்ன பிழைப்பு என்று கேட்காதீர்கள், இன்றைக்கும் கோபம் வரும். கெண்டையும் விராலும் பார்த்து வளர்ந்த சனத்துக்கு, மீன் என்றால் பக்கத்துக்கு ஒரு கண் இருந்தாக வேண்டும். அழுகின கண்ணை அடியில் மறைத்து விற்கிறவர்கள் உண்டு என்பதால், யார் வாங்கினாலும் மீனைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார்கள்.

எனக்குப் பெண் பேசியிருந்த வீட்டுக்கு, மண்டபத்திலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலேறி வந்த எருமைநாக்கு மீன் ஒன்றைக் காலையில் கொடுத்தனுப்பினேன். முறம் அகலம், தட்டை. மேல்பக்கம் சேற்று நிறம், இரண்டு கண்ணும் அங்கேயே. அடிப்பக்கம் வெள்ளை வெளேர், கண்ணே கிடையாது. அல்லா படைத்தது அப்படி. அவர்கள் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் மீன் என் கடைக்கே வந்துவிட்டது. கண்ணைத் தோண்டி, தோலை உரித்து, ஊசல் மீனை அனுப்புகிறவனுக்குப் பெண் கிடையாதாம்.

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சட்டையெல்லாம் மீன் தண்ணீர், மூஞ்சியெல்லாம் கொதிப்பு. மாப்பிள்ளை ஊர்வலம் எனக்கு அன்றைக்கே நடந்துவிட்டது.

பெண்ணின் அத்தா வாசலிலேயே மறித்து, அடிப்பக்கத்துக் கண் எங்கே என்றார். குஞ்சில் பக்கத்துக்கு ஒன்றுதான், வளர வளர ஒரு கண் மறுபக்கம் ஏறிவிடும் என்றேன். எதற்கு ஏறணும் என்றார். மணலில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்து, சின்ன மீன் வந்தால் கவ்வுகிற சாதி அது. மண்ணுக்குள் கிடக்கிற கண் எதைப் பார்க்கும் என்று நான் கேட்டேன். அடிப்பக்கம் ஏன் வெளுத்திருக்கிறது என்றார். மண்ணைத் தொடுகிற பக்கத்துக்குச் சாயம் எதற்கு என்றேன். இதைத் தின்றால் நமக்கும் கண் இடம் மாறுமா என்று உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா கேட்டார்.

அதோடு பொறுமை போய்விட்டது.

"பொண்ணு வேணாம் மாமு. நான் ஏமாத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போறேன்."

அவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"ஏமாத்துறவனா இருந்தா இளிச்சுக்கிட்டு வேற மீன் கொண்டாந்திருப்பான். இம்புட்டுக் கோவத்தோட அதே மீனத் தூக்கிட்டு வரமாட்டான். உள்ள வாங்க மாப்ள."

மாப்ள என்றுவிட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. குழம்பு கொதிக்கிறவரை உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அம்மா மரியாதையாகத் தலைத்துண்டை என் தட்டில் வைத்தார். இரண்டு கண்ணும் என்னையே முறைத்தன.