பேய்க்கு ஒரு நன்னடத்தைச் சான்று

அந்த நாவலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் தேடிப்பிடித்து வாசிப்பார்கள். முப்பதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, கடைசியில் சினிமாவாகவும் ஆகி எங்களை ஒரு வழி பண்ணிய கதை அது. குற்றாலத்தில் பாசி பிடித்த ஒரு பங்களா, மாடி ஜன்னலில் தலைவிரி கோலமாக ஒரு பெண், அவளைச் சுற்றிப் புகை. பங்களா எங்கள் வீடு. பெண் என் அக்கா. அக்கா அப்போது உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டே வருஷத்தில் அத்தான் வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவர, அக்கா டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். தப்பு செய்தவர் கடைத்தெருவில் வெற்றிலை போட்டுக்கொண்டு உலவினார். வெட்கப்பட்டது நாங்கள். வாழாவெட்டி என்ற பேச்சுக்குப் பயந்து, அப்பா திருவேங்கடத்துப் பக்கமிருந்த எங்கள் ஊரையே காலி செய்துகொண்டு, தென்காசியில் ஜவுளிக்கடை வைத்து, குற்றாலத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். புது ஊரில் எல்லாரிடமும் எனக்கு ஒரே பையன் என்று சொல்லிவைத்தார். அக்கா பின்கட்டு மாடி அறையோடு சரி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அக்கா எட்டாவது தேறியவள். பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. வருஷா வருஷம் விண்ணப்பத் தாள் தபாலில் வரும். அதோடு, குடும்பத்தைச் சேராத படித்தவர் ஒருவர் இவரை நேரில் அறிவேன் என்று நன்னடத்தைச் சான்று எழுதித் தர வேண்டும். அப்பா தாராளமாகச் சொன்னார்: "சான்று வாங்கிட்டு வா. மறுநாளே ரயிலேத்தி விடுதேன்." எப்படி வாங்குவாள்? பழைய ஊரில் எல்லாரும் அத்தானுக்குச் சொந்தம். புது ஊரில் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. அது அப்பாவுக்கும் தெரியும். அவர் பேசிய நியாயங்களிலேயே எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது அதுதான்.

சாரல் தொடங்கினால் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு முன்பகுதியை வாடகைக்கு விடுவோம். குடிவந்த நாலாம் வருஷம், அப்படி ஓர் ஆடியில் மதராஸிலிருந்து வந்து தங்கினார் அந்த எழுத்தாளர். சாரலில் பெண்களுக்குத் தலைமுடி காயவே காயாது. அக்கா தூபக்காலில் சாம்பிராணி போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து முடியை விரித்துப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். முற்றத்தில் குடையோடு நின்றவர் அண்ணாந்து பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மாடியில் யார்?" என்றார். யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடமாக்கியிருந்தது. "யாருமில்லையே" என்றேன். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அதையே சொன்னேன். மூன்றாவது தரம் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொடர் வந்தபோது அக்கா ஒரு வாரம்கூட விடாமல் வாசித்தாள். அருவியில் விழுந்து செத்த கன்னியாம் அவள். ஒரு ஜமீன்தார் மகனைக் காதலித்தவளாம். இடுப்பு வரைக்கும் இருந்த முடி கதையில் பாதம் வரை வந்துவிட்டது. சாம்பிராணி வாசனை பிணவாடை ஆகிவிட்டது. ஓட்டின் மேல் பட்டப்பகலில் குரங்குகள் ஓடிய சத்தத்தை நடுநிசிக் காலடி ஓசையாக மாற்றியிருந்தார். குரங்குகள் ராத்திரியில் தூங்கும் என்பதை விசாரிக்கக்கூட அந்த மனுஷருக்கு நேரமில்லை. அக்கா இதற்கெல்லாம் கோபப்படவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒற்று விட்ட இடங்களையும் ரகர றகரப் பிழைகளையும் திருத்திக்கொண்டே போனாள். "ஏலே, பி.ஏ. படிச்சவருக்கு அருவிக்கு எந்த ரு போடணும்னு தெரியல" என்றாள்.

புத்தகம் வந்த பிறகு எங்கள் நிம்மதி போயிற்று. தென்காசியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று மாடியைப் பார்த்தார்கள். யாரோ கேட்டில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஒருவர் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போக, அதில் வழுக்கி அம்மாவுக்கு முழங்கால் பிசகியது. வாடகைக்கு ஆள் வராமல் போய்விடும் என்று பார்த்தால், முன்னைவிடக் கூடுதலாக வந்தார்கள். வந்தவர்கள், நாலு நாள் இருந்தும் பேய் வரவில்லையே என்று அப்பாவிடம் புகார் சொன்னார்கள். அப்பாவுக்கோ அந்தப் பேயை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாடியில் வெளிச்சம் தெரிந்தாலும் இருமல் கேட்டாலும் இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் அல்லவா? அக்கா மேலே இன்னும் ஆறு வருஷம் இருந்தாள்.

ஆறு வருஷம் கழித்துத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள், வசனம் எழுதுகிறவராக எங்கள் எழுத்தாளரும் கூடவே. வீட்டையும் அருவியையும் நிஜமாகவே படம் பிடிக்க வேண்டுமாம். வந்த முதல் நாளே டைரக்டர் என்னிடம், அருவிச் சத்தம் எப்போது குறையும் என்று கேட்டார். புரட்டாசியில் என்றேன். பேயாக நடிக்கிற அம்மாளுக்குச் சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. கதையில் வாயே திறக்காத பேய்க்குப் படத்தில் பதினான்கு பாட்டாம். ஏன் என்று கேட்டேன். பாடத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு பாடாமல் விட்டால் ஜனங்கள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள் என்றார்கள்.

மூன்றாம் நாள் ஜன்னல் காட்சி, முன்பகுதி ஜன்னல் ஒன்றில். அந்த அம்மாளுக்குச் சொந்த முடி தோள் வரைக்கும்தான். அதற்காக மதராஸிலிருந்து நீளமாக ஒரு சவுரி கொண்டுவந்திருந்தார்கள். அதை ஈரம் போக ஓட்டின் மேல் காயப்போட்டிருக்கிறார்கள், குற்றாலத்தில், குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு கிழட்டுக் குரங்கு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பலாமரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சாரல் விட்டிருந்தது, வெளிச்சம் ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்று கேமராக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

அப்போதுதான் அக்கா படியிறங்கி வந்தாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் வந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். "முதுகுப்பக்கம்தான வேணும்? எம் முடி போதுமா?" என்று டைரக்டரைக் கேட்டாள். எழுத்தாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். பேயை எழுதிப் பேர் வாங்கிய ஆள் அப்படி வெளிறிப்போவார் என்று நான் நினைக்கவில்லை.

"நான் பார்த்தது..." என்றார்.

"என்னத்தான் அய்யா. தலை காயவச்சிட்டு இருந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இருபத்திரண்டு வயது, பதில் சொல்லத் தெரியாத வயதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை வருஷமும் அப்பாவையும் அவரையும் வாசலில் நின்ற கூட்டத்தையும் திட்டிக்கொண்டிருந்தேனே, அவரிடம் யாருமில்லை என்று சொன்ன வாய் என்னுடையதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்கா ஜன்னலில் உட்கார்ந்தாள். தூபக்கால் புகைந்தது. கேமரா ஓடியது. முடிந்ததும் டைரக்டர் அவளிடம், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும், கேளுங்கள் என்றார். அக்கா இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் தாளை எடுத்தாள். அதை டைரக்டரிடம் கொடுக்கவில்லை, நேரே எழுத்தாளர் முன்னால் வைத்தாள்.

"என்னைப் பேயின்னு ஒரு புஸ்தகம் எழுதிட்டீங்க. இப்ப மனுஷின்னு நாலு வரி எழுதிக் குடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். பழக்கதோஷம், மதிமுகம் என்று ஆரம்பித்தார். அக்கா அடிக்கச் சொன்னாள். குற்றால மலைச்சாரலில் பூத்த என்று அடுத்த வரியை ஆரம்பித்தார், அதையும் அடிக்கச் சொன்னாள். பிறகு அவளே சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: இவர் இந்த வீட்டில் வசிக்கிறார், நல்ல நடத்தை உள்ளவர், ஆறு வருஷமாக நேரில் அறிவேன். கடைசி வரியில் பேனா நின்றது. "அம்மா, உங்களை நான் அறிந்ததில்லையே" என்றார் மெதுவாக. "அறியாமலா முந்நூறு பக்கம் எழுதினீங்க?" என்றாள் அக்கா. அவர் கையெழுத்துப் போட்டார். தலைப்பில் நன்னடத்தைக்குப் பக்கத்தில் ச் விட்டுப்போயிருந்தது. அதையும் போடவைத்துத்தான் தாளை வாங்கிக்கொண்டாள்.

அப்பா அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்து பதில் வந்த மறுநாள் தென்காசி ஸ்டேஷனில் அக்காவை நான்தான் ரயிலேற்றிவிட்டேன். அதே டிரங்குப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

மறு வருஷம் படம் தென்காசி டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்குப் போனேன். என்னத்தைச் சொல்ல? பேய் பாடியது, பேயைத் துரத்திய கோமாளி பாடினான், பேய் ஓட்டவந்த மந்திரவாதியும் பாடினான். கடைசியில் அது பேயே இல்லை, ஜமீன் நகையைத் திருட வந்தவள் போட்ட வேஷம் என்று முடித்துவிட்டார்கள். அக்காவைச் செத்தவளாக்கியது போதாதென்று திருடியாகவும் ஆக்கினார்கள். அவள் முதுகு மட்டும் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு வந்தது. ஜன்னல், புகை, முடி. கொட்டகை முழுக்க வீல் என்று கத்தியது. பெண்கள் பக்கத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

பக்கத்து பெஞ்சில் எங்கள் கடைக்கு அடுத்த பாத்திரக்கடை அண்ணாச்சி இருந்தார். பத்து வருஷமாக என்னைத் தெரிந்தவர், எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறார். என் தொடையைப் பிடித்து, "தம்பி, மறைக்காமச் சொல்லு. ஒங்க வீட்டு மாடியில நெசமாவே பேய் இருக்கா?" என்றார்.

"பேய் இல்ல அண்ணாச்சி. அது எங்க அக்கா" என்றேன். "இப்ப பாளையங்கோட்டையில டீச்சருக்குப் படிச்சிட்டு இருக்கா."

அண்ணாச்சி படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "ஒனக்கு அக்கா உண்டுமா?" என்றார்.