வாழைக்கு ஊற்றிய கசாயம்

ஐந்தாம் மாதம் பிறந்ததும் எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் எனக்கு வரிசையாகச் சொன்னார். வாந்தி நின்றுவிடும், பசி எடுக்கும், இடுப்பு வலிக்கும், வயிற்றுத் தோல் அரிக்கும், பிள்ளை அசைவது தெரியும். எல்லாம் அப்படியே நடந்தது. கூடவே சந்தேகமும் வரும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

எனக்கு முதல் பிள்ளை பெண். அதனால் இரண்டாவதைப் பற்றித் தெருவில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. வயிறு கூர்மையா, உருண்டையா என்று கத்தரிக்காய் பொறுக்குகிற கண்ணோடு பார்ப்பார்கள். மாமியார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுதான் பயம்.

பாலக்கோட்டில் ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குதுன்னாங்க, அத்தை."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

மறுநாள் காலையில் மாமியாரிடமிருந்து ஒரு டம்ளர் கசாயம் வந்தது. ஐந்து மாதமாக இல்லாத கசாயம் ஸ்கேனுக்கு மறுநாள் ஏன் வர வேண்டும்? பெண் என்று எப்படியோ தெரிந்துகொண்டு கலைக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "எங்கம்மாவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

குடிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் பின்னால் இருந்த வாழையடியில் ஊற்றினேன். வாழை வாடுகிறதா என்று தினமும் போய்ப் பார்த்தேன். அது பாட்டுக்குப் புதுக் குருத்து விட்டது. வாழைக்கு என்ன, அது மாசமாகவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலும் ஊற்றினேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. கையை வைத்து வைத்துப் பார்த்தேன். நான் கசாயத்தைக் குடிக்காததால் குழம்பில் கலந்துவிட்டாரோ என்று தோன்றியது. டம்ளரோடு வந்த மாமியாரிடம் கத்தினேன்.

"என்னத்தக் கலந்தீங்க? எம்புள்ளய என்ன பண்ணீங்க?"

மாமியார் கோபப்படவில்லை. டம்ளரை அண்ணாந்து மடமடவென்று அவரே குடித்தார்.

"சுக்கும் சீரகமுந்தான் கண்ணு. புள்ள நல்லா இருக்குதுன்னு ஸ்கேன்ல தெரியட்டும், அப்பறம் குடுக்கலாம்னு இருந்தேன். நீ வாழைக்கு ஊத்தறது மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"நானும் எம்மாமியா குடுத்தத அப்படித்தான் ஊத்திக்கிட்டு இருந்தேன். ரெண்டு பொண்ணுக்கு அப்பறம் மூணாவதும் பொண்ணுதான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நாளு எதுர்லயே நின்னுக்கிட்டாங்க. குடிச்சிட்டேன். அன்னைக்கே போயிடுச்சு. என்ன புள்ளைன்னுகூட எனக்குக் காட்டல. அதான், உன் எதுர்ல நான் ஒரு நாளும் நிக்கல."

மதியம் சாப்பிட்டுப் படுத்ததும் பிள்ளை எப்போதும் போல உதைத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாளிலிருந்து என் கண்முன்னாலேயே கசாயம் காய்ச்சினார். முதல் மடக்கை அவர் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிரசவம் வரைக்கும், அது அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் குடித்தேன். அவரும் நான் பார்க்கும்படி மெதுவாகவே விழுங்குவார்.