பழைய போனில் ஒரு மனு

செல்போன் ரிப்பேர்க்காரனுக்கு உடைந்த போனால் தொல்லை இல்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் செய்ய மாட்டேங்குது" என்று வருகிற போனால்தான் தொல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

எழுத்து விழுந்தால் சரி

அறந்தாங்கியில் இருக்கும் என் கடைக்குச் செல்வராணி அக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடித்துக் கொடுப்பவர். இடி விழுந்து அவருடைய கம்ப்யூட்டர் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு பழைய போன். எந்த ஆப்பைத் திறந்தாலும் அப்படியே நின்றுவிடும். "இதுல லினக்ஸ்னு ஒண்ணு போட்டா கம்ப்யூட்டர் மாதிரி ஆயிருமாமே?" என்றார்.

லேப்டாப்பில் போட்டிருக்கிறேன், போனில் போட்டதில்லை. அதை மறைக்காமல் சொன்னேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கேமரா வேலை செய்யாது, பேசவும் முடியாமல் போகலாம் என்றும் சொன்னேன்.

"மனுவுக்கு எதுக்கு தம்பி கேமரா? எழுத்து விழுந்தாப் போதும்."

கம்பெனி போட்ட பூட்டு

போனில் இருந்த படங்களை முதலில் ஒரு பென்டிரைவில் ஏற்றி அக்கா கையில் கொடுத்தேன். வேறு சிஸ்டம் போடுவதற்கு பூட்லோடரைத் திறக்க வேண்டும். அது கம்பெனி போட்டு அனுப்பிய பூட்டு. திறக்க அனுமதி கேட்டு ஆன்லைனில் விண்ணப்பித்தால், ஏழு நாள் கழித்து வா என்று பதில் வந்தது.

என் கடையில் டிஸ்பிளே மாற்றுகிற ஜமால், கோட்டைப்பட்டினத்துக்காரர், அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம வீட்டுக் கதவைத் தெறக்க கொத்தனாருக்கு மனுப் போட்டு நிக்கிறோமே, இது எந்த ஊரு நியாயம்ணே?"

நாலாவது தடவை

எட்டாம் நாள் பூட்டு திறந்தது. சிஸ்டத்தை ஏற்றினேன். திரை கறுப்பு. கேபிளை மாற்றி ஏற்றினேன். கறுப்பு. வேறு கம்ப்யூட்டரிலிருந்து மூன்றாம் முறை ஏற்றியதும் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அடுத்தவர் பிழைப்பில் போய்த் தொழில் பழகிவிட்டேனே!

மறுநாள் அக்கா வந்ததும் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு தடவை தள்ளுபடியான பட்டா மனுவை நாலாவது தடவை போட்டு வாங்கிக் குடுத்திருக்கேன் தம்பி. நீங்களும் போடுங்க, நான் இங்கிட்டே இருக்கேன்."

பேருக்கு வந்த கால்

அவர் பார்த்துக்கொண்டிருக்க, மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை படித்தேன். ஒரே பேரில் இரண்டு விதமான போன்கள். நான் ஏற்றியது மற்றதற்கானது. சரியானதைத் தேடி எடுத்து ஏற்றினேன். திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென ஓடின. சிஸ்டம் ஏறிவிட்டது.

கீபோர்டை மாட்டியதும் அடுத்த தகராறு. அக்கா டைப்ரைட்டிங் படித்தவர். கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்பார். போன் அதைத் தலைகீழாக எதிர்பார்த்தது. 'பெறுநர்' என்று அடித்தால் வேறென்னவோ வந்தது. டைப்ரைட்டர் முறையைத் தேடிப் போட்டுச் சரிபார்க்க இன்னும் இரண்டு நாள்.

வியாழக்கிழமை நானும் ஆவுடையார்கோவில் போனேன். முதலில் வந்தவர் காளிமுத்து என்ற விவசாயி. பட்டாவில் 'களிமுத்து' என்று விழுந்துவிட்டதாம். அதைத் திருத்தப் பத்து மாதமாக அலைகிறார். உள்ளங்கை அகலத் திரையைப் பார்த்து அக்கா படபடவென்று அடித்தார். அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். காளிமுத்து தன் பெயரின் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"நடந்து நடந்து என் காலு தேஞ்சதுதான் மிச்சம், இன்னைக்குத்தாங்க என் பேருக்குக் கால் வந்திருக்கு."

ஊரில் எல்லாரும் ஒரு பட்டனைத் தட்டி வரவழைக்கிற வெள்ளைத் தாளைப் பதினொரு நாள் போராடித் திரையில் கொண்டுவருவதற்குத்தான் எங்கள் தொழிலில் வெற்றி என்று பெயர்.