அந்த அம்மா குரலும் என் முன்பல்லும்

மெல்லிசைக் கச்சேரியில் பாடுகிறவளுக்குச் சொந்தக் குரல் இருந்தால் சோறு கிடைக்காது. பெரிய பாடகி யாருடைய குரலாவது தொண்டையில் உட்கார்ந்திருக்கணும். எனக்கு உட்கார்ந்திருந்தது. பேர் வேண்டாம், "அந்த அம்மா" என்றே வைத்துக்கொள்வோம். அவங்க பாடுறதை விட்டு வெகு காலமாச்சு. தாம்பரம் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா எல்லாவற்றிலும் நான்தான் அந்த அம்மா. மேடையேறி வயிறு வளர்க்கிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

குக்கர்

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒருநாள் வழுக்கி விழுந்தேன். புடவை கிழியவில்லை, மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. அன்றிலிருந்து 'ச' வருகிற இடமெல்லாம் மெல்லிசாக ஒரு விசில். பல் கட்டுவதை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டபடி வருஷக்கணக்கில் அப்படியே பாடினேன். மைக்கில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு.

சிட்லபாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். முதல் வரிசையில் ரிட்டையர் ஆன சார் ஒருத்தர் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "பாட்டு பிரமாதம்மா. ஆனா சமையல்காரங்ககிட்ட சொல்லி அந்தக் குக்கரை மட்டும் இறக்கச் சொல்லுங்க" என்றார்.

டீ குடிக்காத பாடகி

எங்கள் குழுவை நடத்துகிற கிளமென்ட், கீபோர்டு வாசிப்பவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சேலையூரில் அவன் வீட்டில் ரிகர்சல். போனில் ஒரு பாட்டைப் போட்டான். போன மாசம் வந்த படத்துப் பாட்டு, அந்த அம்மா குரலில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதை அவங்க எப்பப்பா பாடினாங்க?"

"அவங்க எங்கக்கா பாடினாங்க? ஏஐ. நெட்ல அவங்க பேர்ல இருக்கிற பாட்டையெல்லாம் கேட்டுக் கத்துக்கிச்சு. இனிமே எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அவங்க குரல்ல பாடிடும்."

"அப்ப நான்?"

அவன் கீபோர்டைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கீபோர்டு. "ஆடித் திருவிழா வரைக்கும் பாப்போம்க்கா. ஜனங்க எதைக் கேக்குறாங்களோ அதையே வச்சுப்போம். அது டீ கூடக் கேக்க மாட்டேங்குது பாருங்க."

சுத்தமான 'ச'

மெஷினோடு போட்டி என்றால் ஓட்டை வாயோடு போக முடியுமா? மறுநாளே பல் டாக்டரிடம் போய்க் கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கட்டிக்கொண்டேன். நாற்காலியில் படுத்தபடியே ச, ரி, க, ம பாடிக் காட்டினேன். விசில் போயே போச்சு. டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, "இனிமே உங்க பாட்டுல யாரும் ஒரு குறை சொல்ல முடியாது" என்றார்.

வாயை அசைத்தது

கூடுவாஞ்சேரியில் மனைப் பிரிவு திறப்பு விழா. மனை விற்கிறவருக்கு மெஷின் பாட்டுதான் வேணுமாம். ஆனால் மேடையில் பட்டுப்புடவை கட்டி ஒரு ஆளும் நிற்கணுமாம். நான் நின்றேன். அந்த அம்மா மாதிரி பாடுகிற மெஷினுக்கு, அந்த அம்மா மாதிரி பாடுகிற நான் வாயசைத்தேன்.

இரண்டாவது வரியில் ஸ்பீக்கரில் ஒரு 'ச' வந்தது. விசில். நாக்கால் தடவிப் பார்த்தேன், பல் அங்கேயேதான் இருந்தது. அடுத்த 'ச'விலும் விசில். இறங்கி வந்ததும் கிளமென்டைப் பிடித்து உலுக்கினேன். அவன் தலையைச் சொறிந்தான். "வியூஸ் வரட்டும்னு நீங்க பாடின வீடியோவுக்கெல்லாம் அவங்க பேரைப் போட்டு ஏத்தியிருந்தேன்க்கா. அது உங்ககிட்டயும் கொஞ்சம் கத்துக்கிச்சு போல."

ஆடித் திருவிழா

எங்கள் பேட்டை அம்மன் கோயில். முதலில் மெஷின் பாடியது. கைதட்டல். அப்புறம் நான், புதுப் பல்லோடு, விசில் இல்லாமல், என் ஆயுசிலேயே சுத்தமாக. தட்டினது கிளமென்ட் மட்டும்தான். மேடைக்குக் கீழே நின்ற ஆட்டோக்காரர் ஒருத்தர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இன்னாக்கா, சப்புன்னு பாடுற? செல்லுல அந்தம்மா பாடச்சொல்ல ஒரு விசிலு வுடும் பாரு, அதான் அதோட இஷ்டைலே. என் ஆட்டோவுல தெனம் அதான் ஓடினு கீது. உனுக்கு அது வர்ல. ஒரிஜினலு ஒரிஜினல்தான்."

திரும்பி நின்று, முந்தானையால் வாயை மூடி, பல்லைக் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தேன். முதல் 'ச'விலேயே கூட்டம் எழுந்துவிட்டது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள், அப்புறம் இன்னொரு ஒன்ஸ்மோர். ஆட்டோக்காரர் பக்கத்து ஆளிடம், "சொன்னேன்ல, சொல்லிக் குடுத்தா புட்ச்சுக்குது" என்றது மைக்கிலேயே கேட்டது.

மூட்டை கட்டும்போது கிளமென்ட் என் கையில் ஒரு டீயைக் கொடுத்தான். "வர்ற ஞாயித்துக்கிழமை பல்லாவரத்துல ரிசப்ஷன்க்கா. பல்லை மட்டும் வீட்ல வச்சிட்டு வந்துடுங்க."

ஆகவே இப்போதெல்லாம் சாப்பிடும்போது பல்லை மாட்டிக்கொள்கிறேன், சாப்பாட்டுக்குச் சம்பாதிக்கும்போது கழற்றிவிடுகிறேன்.